குளோரின் இட்ட கிணறு மீண்டும் கெடுவது ஏன்?

சாம்பல்தீவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கடந்த மாரியில் எங்கள் வளவில் இரண்டு நாட்கள் வெள்ளம் நின்று, கிணற்றுக் கட்டையும் தொட்டது. வெள்ளம் வற்றியதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் இட்டுச் சென்றார். மூன்று கிழமையின் பின் வீட்டில் இருவருக்கு வயிற்றோட்டம். மோட்டார் வைத்து அடி காண இறைத்துவிடும்படி அயலவர்கள் சொல்கிறார்கள். மருந்து போட்ட கிணறு எப்படிக் கெட்டது? இறைப்பது சரியா? தண்ணீரை எங்கே பரிசோதிக்கலாம்? மகளின் இரண்டு மாதக் குழந்தைக்கு இந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பால்மா கரைக்கலாமா?"

தங்கள் கடைசிக் கேள்விதான் மிக அவசரமானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை அந்தக் கிணற்றுத் தண்ணீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். ஆனால் மலசலகூடக் குழியிலிருந்தும் தோட்டங்களுக்கு இடும் யூரியாவிலிருந்தும் நிலத்தடி நீரில் கலக்கும் நைத்திரேற்று கொதிப்பதால் போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். பெரியவர்களின் உடல் தாங்கிக்கொள்ளும் அளவு நைத்திரேற்றுங்கூட, சில மாதங்களே ஆன குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கச் செய்துவிடலாம். உலகச் சுகாதார நிறுவனமும் நம் நாட்டின் குடிநீர்த் தரநிர்ணயமும் 1 லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதை நைத்திரேற்றின் மேலெல்லையாக வைத்திருப்பதற்குக் காரணம் இந்தக் குழந்தைகள்தான். தாய்ப்பால் கொடுக்க முடியுமானால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. முடியாதபோது, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய் நீரை உறவினர் வீட்டிலிருந்தாவது கொண்டுவந்து, கொதிக்க வைத்து, சூடு 70 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குமுன் பால்மாவைக் கரைத்து, பிறகு இளஞ்சூட்டுக்கு ஆற்றிக் கொடுங்கள்.

இனி, மருந்து போட்ட கிணறு எப்படிக் கெட்டது என்பதற்கு வருகிறேன். குளோரின் என்பது கிணற்றுக்குப் போடும் தடுப்பூசி அல்ல. அது நீரில் கலந்த வேளையில் அங்கே இருக்கும் கிருமிகளைக் கொல்லும். வெயிலிலும், சேற்றிலும் அழுகிய இலைகளிலும் தன் வலுவைச் செலவழித்து, சில நாட்களில் இல்லாமல் போய்விடும். கந்தளாய்க் குளத்து நீரைச் சுத்திகரித்துத் திருகோணமலை நகருக்கு அனுப்பும்போது, குழாயின் கடைசி வீடு வரை கொஞ்சம் குளோரின் மிச்சம் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். தங்கள் கிணற்றுக்கு அப்படித் தொடர்ந்து இடுபவர் எவருமில்லை. ஆகவே பரிசோதகர் செய்த வேலையில் குறை காண்பதற்கு இடமில்லை. வெள்ளம் கொண்டுவந்த கிருமியை அவர் அகற்றினார். மூன்று கிழமைக்குப் பின் வந்த கிருமி வேறொரு வழியாக வந்திருக்கிறது. அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் எத்தனை தடவை குளோரின் இட்டாலும் தாங்கள் இதே கேள்வியைத்தான் மறுபடியும் கேட்பீர்கள்.

வழியைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. காலை பத்து மணியளவில், நல்ல வெயிலில், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குச் செல்லுங்கள். வெயிலைக் கண்ணாடியில் பிடித்து உள்ளே திருப்பினால், உட்சுவர் வளையம் வளையமாகத் தெரியும். இன்னொருவரைக் கொண்டு கிணற்றைச் சுற்றியுள்ள சீமெந்துத் தளத்தில் நாலைந்து வாளி தண்ணீரை ஊற்றச் செய்து, சிறிது நேரம் பொறுத்துப் பாருங்கள். மேலிருந்து முதலாவது, இரண்டாவது வளையங்களின் பொருத்தில் ஈரம் கசிந்து வழிந்தால், அல்லது அந்த இடத்தில் மட்டும் பச்சைப் பாசி நாக்குப்போல் கீழ்நோக்கிப் படர்ந்திருந்தால், குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் மழைநீரும் உள்ளே இறங்கும் வாசல் அதுதான். தென்னை வேர் நுழைந்த வெடிப்பாக இருந்தால் வேரின் மயிர்கள் நீர் சொட்டத் தொங்குவதையும் காணலாம். அந்தப் பொருத்துகளைச் சீமெந்தால் அடைத்து, தளத்தைக் கிணற்றிலிருந்து வெளிப்புறமாகச் சரிவு வைத்துப் பூசி, கழிவுநீர் தொலைவாய் ஓட ஒரு வாய்க்கால் வெட்டுவது ஒரு கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை. வெள்ளம் மறுபடியும் வரும் என்பது உறுதியாதலால் கட்டையும் ஒரு முழமாவது உயர்த்துங்கள். உள்ளே இறங்கும் வேலையைப் பழக்கமில்லாதவரிடம் ஒப்படைக்க வேண்டாம். ஆழ்கிணற்றில் காற்றுக் குறைந்து மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு.

சுவர் நன்றாக இருந்தும் நீர் கெடுகிறதென்றால் சந்தேகம் மலசலகூடக் குழியின் மேல் விழ வேண்டும். நம் கரையோரம் மணற்பாங்கு. மணல் தண்ணீரை வேகமாகக் கடத்தும். மாரியில் நிலத்தடி நீர் மேலெழுந்து குழியின் அடியைத் தொடும்போது குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே வடிகட்ட உலர்ந்த மண்ணே இருப்பதில்லை. கோடையில் நல்ல தண்ணீர் தந்த கிணறு மாரியில் நோய் தருவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. அனர்த்தக் காலங்களில் பின்பற்றப்படும் சர்வதேச நியமம், குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 30 மீற்றர் தூரத்தையும், குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையில் 1.5 மீற்றர் உயரத்தையும் கேட்கிறது. பத்துப் பேர்ச் வளவில் முதலாவது நடக்காத காரியம் என்பதை நன்கு அறிவேன். ஆனால் இரண்டாவதைக் கவனிக்கலாம்: குழியை ஆழமாகத் தோண்டுவதை விட்டு, அடி கட்டிய தொட்டியும் ஆழங்குறைந்த உறிஞ்சு குழியுமாக, கிணற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் அமைக்கலாம். தங்கள் குழியை அளக்கும்போது வேலிக்கு அப்பாலுள்ள அயலவரின் குழியையும் அளந்து பாருங்கள். பல வீடுகளில் உண்மையான காரணம் வேலிக்கு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அடி காண இறைக்க வேண்டாம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் இருக்கும் சாம்பல்தீவு, நிலாவெளி போன்ற இடங்களில் நன்னீர் என்பது உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படை. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தங்கும் என்பது நிலத்தடி நீர் இயலின் பழைய கணக்கு. மேல் மட்டத்தை மோட்டாரால் வேகமாகத் தாழ்த்தும்போது கீழிருக்கும் உவர்நீர் கிணற்றின் அடியை நோக்கிக் கூம்பாக எழுகிறது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையெங்கும் நல்ல நோக்கத்தோடு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் உவர் குறையாததோடு கூடவும் செய்தது. கடைசியில் அந்தக் கிணறுகளைக் கழுவியது மாரி மழைதான். தங்கள் கிணற்றில் சேறு இருந்தால் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக, மட்டம் அரை மீற்றருக்கு மேல் இறங்காதபடி இறைத்து, மீண்டும் ஊற விடுங்கள்.

பரிசோதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். தங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கேளுங்கள். கிருமிப் பரிசோதனைக்கான மாதிரியைச் சோடாப் போத்தலில் நிரப்பிக் கொண்டுபோவதால் பயனில்லை. அதற்குக் கிருமி நீக்கிய போத்தல் வேண்டும். ஐசில் வைத்து, முடிந்தால் 6 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் சேர வேண்டும். குளோரின் வாடை முற்றாக நீங்கிச் சில நாட்கள் கழிந்த பின்பே மாதிரி எடுக்கச் செய்யுங்கள். இல்லாவிட்டால் முடிவு நல்லதாக வந்து தங்களை ஏமாற்றும். மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலைக் கிருமி 100 மில்லிலீற்றர் நீரில் ஒன்றுகூட இருக்கலாகாது என்பதே நியமம். நைத்திரேற்று, உவரைக் காட்டும் குளோரைட்டு ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் கிருமியை மட்டுமே பார்த்துவிடக்கூடும். நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடங்களும் கட்டணத்துக்கு இந்தப் பரிசோதனைகளைச் செய்து தருகின்றன.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி ஆகியவை அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள். வைத்தியர் அறிவித்தல் படிவத்தை அனுப்பினால்தான் பரிசோதகர் வீடு தேடி வந்து நீரின் மூலத்தை ஆராய்வார். 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. பார்மசியில் குளிசை வாங்கி விழுங்கிவிட்டு இருப்பவரின் கிணறு அரசாங்கத்தின் கண்ணுக்குப் படுவதேயில்லை. மலத்தில் இரத்தம் கண்டாலோ காய்ச்சல் நீடித்தாலோ அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று, கிணற்றில் வெள்ளம் புகுந்ததையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பழுதுபார்த்து முடிந்ததும் மறுபடியும் ஒரு தடவை குளோரின் இட வேண்டும். 1.5 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் நீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 3,500 லீற்றர் நீர் இருக்கும். 1 லீற்றருக்கு 20 மில்லிகிராம் வீதம் அதற்கு 70 கிராம் குளோரின் வேண்டும். 30 வீத வலுவுள்ள தூளானால் 235 கிராம் அளவு, 65 வீத வலுவுள்ளதானால் 110 கிராம் அளவு. பொதியில் அச்சிட்டுள்ள வீதத்தையும் திகதியையும் பார்க்காமல் கையளவால் போடக் கூடாது. நாட்பட்ட, திறந்து கிடந்த தூளில் வலு இருக்காது. தூளைப் பிளாஸ்ரிக் வாளியில், திறந்தவெளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியை மேலுங்கீழுமாக இழுத்துக் கலக்கி, உட்சுவரையும் அந்நீரால் நனைத்து, ஓரிரவு விட்டுவிடுங்கள். மறுநாள் முதல் வாடை போகும்வரை மெதுவாக இறையுங்கள். அந்த நீரைக் குடிக்கவோ செடிகளுக்கு விடவோ வேண்டாம். அதன் பின்பும், கிருமி இல்லையென்ற முடிவு வரும்வரை, பெரியவர்களும் நன்கு கொதித்தெழுந்த நீரையே குடியுங்கள். முதல் மாதிரி நன்றாக வந்தாலும், அடுத்த மாரியின் முதற்பெருமழை ஓய்ந்து நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும் கிழமையில் இரண்டாவது மாதிரியை எடுத்துத் தரும்படி இப்போதே பரிசோதகரிடம் சொல்லி வையுங்கள்.