மல்லிகைக்கு வெயில் வேண்டும்

வணக்கம் அக்கா,

தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் நர்சரியில் வாங்கிய குண்டுமல்லி எங்கள் மொட்டை மாடியில் தொட்டியில் இருக்கிறது. வாங்கும்போது மொட்டும் பூவுமாக இருந்தது. இப்போது என் தோள் உயரத்துக்கு வளர்ந்து வெறும் இலையாக நிற்கிறது. வெயிலில் வாடிவிடுமோ என்று தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை ஒரு ஸ்பூன் யூரியா போடுகிறேன். "வெட்டிவிடு" என்கிறார் அத்தை (மாமியார்). எனக்கு மனம் வரவில்லை. பங்குனி பிறந்துவிட்டது, தெருவில் எல்லார் வீட்டிலும் மல்லிகை பூக்கிறது.

இன்னொன்று. எப்போதாவது பூக்கிற நாலைந்து மொட்டையும் அத்தை சாமிக்குப் பறித்துவிடுகிறார். எட்டு வயது மகளோ, பறித்தால் செடிக்கு வலிக்கும், அதிலேயே இருக்கட்டும் என்று அழுகிறாள். நான் யார் பக்கம் நிற்பது?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

முதல் கேள்விக்கு உங்கள் அத்தை சொன்னதுதான் பதில். வெட்டுங்கள். தாராளமாக வெட்டலாம்.

குண்டுமல்லி பழைய கிளையில் பூப்பதில்லை. புதிதாக விடும் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஒரு கிளையை நுனியிலிருந்து கீழே வரை விரலால் தடவிப் பாருங்கள். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும். ஒவ்வொரு இலைக்காம்பும் தண்டோடு சேரும் இடுக்கில் சின்னப் பச்சைப் புள்ளி ஒன்று தெரியும். அது எழும்பக் காத்திருக்கும் துளிர். மேலே நுனி வளர்ந்துகொண்டிருக்கும் வரை அது பெரும்பாலும் எழும்பாது. ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால் இரண்டு பக்கத்துப் புள்ளியும் கிளம்பும். ஒரு கிளை இரண்டாகும், இரண்டின் நுனியிலும் பூ வரும். மூன்று வருடமாக வெட்டு விழாத உங்கள் செடி தன் சத்தையெல்லாம் உயரத்துக்கே செலவழித்திருக்கிறது.

மல்லிகையின் வசந்தம் கார்த்திகையிலேயே தொடங்கிவிடுகிறது என்று நான் யாரிடமும் சொல்வேன். சித்திரையில் கூடை கூடையாகப் பூ வருவதற்கான வேலை, மழைக்காலத்தின் கடைசியில் நடக்கும் கவாத்துதான், அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பூ விவசாயிகளுக்குச் சொல்வது நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரம் விட்டு. அதாவது முழங்கால் அளவு! முதல் முறை பார்க்கிறவர்களுக்கு வயிறு கலங்கும், தோட்டமே மொட்டையாகக் கிடக்கும். ஆனால் 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியும் இந்த வெட்டைத் தாங்கித்தான் பூக்கிறது. தஞ்சாவூரில் அந்த நேரம் அடைமழையாக இருக்கும். ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாயில் அழுகல் பிடிக்கலாம். மழை விட்டு, தொட்டி மண் ஓரளவு காய்ந்த பிறகு செய்யுங்கள். மார்கழி முதல் வாரம் ஆனாலும் பரவாயில்லை.

சரி, அது அடுத்த கார்த்திகைக்கு. இப்போது என்ன செய்வது? இந்தப் பருவம் கைவிட்டுப் போய்விடவில்லை. முழங்கால் அளவுக்கு வெட்ட வேண்டாம், வெயில் ஏறும் நேரத்தில் அது அதிகம். எல்லாக் கிளையிலும் மேல் மூன்றில் ஒரு பங்கை எடுங்கள். காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று உரசும் கிளை, அடியிலிருந்து பூவே இல்லாமல் நெடுநெடுவென்று நீளும் கொடி, இவற்றை முழுசாகவே எடுத்துவிடுங்கள். கத்தரிக்கோல் நல்ல கூர்மையாக இருக்கட்டும். தண்டு நசுங்கினால் அங்கிருந்து கருகும். ஏறக்குறைய ஒரு மாதத்தில், சித்திரை பாதிக்குள், மொட்டு பார்த்துவிடலாம். அப்புறம் ஒவ்வொரு கொத்தும் பூத்து முடிந்ததும் அந்த நுனியை ஒரு ஜோடி இலையோடு கிள்ளிவிடுங்கள். இப்படிக் கிள்ளிக்கொண்டே இருந்தால் ஆனி வரைக்கும் விட்டு விட்டுப் பூ வரும்.

அடுத்தது நிழல். செடிமேல் இருக்கும் பாசத்தால் செய்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் மல்லிகை வெயில் குடித்து வளரும் செடி. நாளில் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் அது வெளிச்சம் தேடிக் கைநீட்டும், இலையை அகலமாக்கும், பூ வைக்காது. சித்திரை வெயிலில் கஷ்டப்படுவது இலை அல்ல, வேர். மொட்டை மாடித் தளமும் தொட்டியின் பக்கமும் சூடேறி வேரை வேகவைத்துவிடும். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மண்ணின் மேல் இரண்டு விரல் உயரத்துக்குத் தேங்காய் நாரோ காய்ந்த இலையோ பரப்புங்கள். மேற்கு வெயில் விழும் பக்கத்தில் தொட்டிக்கு மட்டும் ஈரச் சாக்கு ஒன்றைச் சுற்றலாம். காலையில் தண்ணீர், மாலையில் மேல்மண் காய்ந்திருந்தால் மறுபடியும். நிழலிலிருந்து நேராக நடு மாடிக்கு இழுத்துவிடாமல் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். பழைய இலை சிலது கருகி உதிர்ந்தால் பயப்படாதீர்கள். புதுத் துளிர் வெயிலுக்குப் பழகியே வரும்.

யூரியாவை நிறுத்திவிடுங்கள். அது தருவது தழைச்சத்து மட்டும், தழைதான் உங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறதே. நன்றாக மக்கிய தொழு உரம் இரண்டு கை, ஒரு கை எலும்புத் தூள், மேல்மண்ணைக் கிளறிக் கலந்துவிட்டால் இந்தப் பருவத்துக்குப் போதும். தொட்டி சின்னதாக இருந்து அடித்துளை வழியே வேர் எட்டிப் பார்த்தால், கார்த்திகைக் கவாத்தின்போது பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள், இப்போது வேண்டாம்.

இனி வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். எனக்கு இதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான கேள்வி.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். பறித்தால் குண்டுமல்லிக்கு நஷ்டம் இல்லை. அதன் வெள்ளையும் வாசமும் இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைப்பதற்கு. ஆனால் நாம் வளர்க்கும் குண்டுமல்லியில் காய் பிடிப்பது மிக அபூர்வம். பூவைச் செடியிலேயே விட்டாலும் மாலை விரிந்து, மறுநாள் வாடி, பழுப்பாகி உதிர்ந்துவிடும். விதை இல்லாததால்தான் ராமேசுவரம் போகும் வழியில் தங்கச்சிமடத்தில் குச்சிகளை வேர்பிடிக்க வைத்து, தமிழ்நாடு முழுக்க நாற்று அனுப்புகிறார்கள். இந்தச் செடி இத்தனை தலைமுறையாகப் பிழைத்திருப்பது பூவை ஆசையாகப் பறித்துத் தொடுத்த கைகளால்தான். அத்தை பறிக்கட்டும்.

ஆனால் பறிக்கிற விதம் இருக்கிறது. அதை அத்தையே பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். நுனியில் பெரும்பாலும் மூன்று மொட்டாக வரும். நடு மொட்டு முதலில் முற்றும், பக்கத்து இரண்டும் பின்னால் வரும். அன்று மாலை விரியப்போகும் மொட்டு காலையிலேயே பச்சை நீங்கி வெளுத்துப் பருத்திருக்கும். அடுத்த நாளைக்கானது இன்னும் பச்சை சாயலோடு ஒல்லியாக இருக்கும். வெளுத்ததை மட்டும், அடிக்காம்பில் நகம் வைத்துக் கிள்ள வேண்டும். அவசரத்தில் கொத்தாக இழுத்தால் நாளைய பூ இரண்டும் சேர்ந்து போய்விடும். வெயில் ஏறும் முன் பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் சாயங்காலம் வாழைநாரில் தொடுத்துச் சாமிக்குப் போடலாம், பூ படத்தின் மேலேயே விரியும். எந்த மொட்டு இன்று, எது நாளை என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் உங்கள் மகள் செடியின் பக்கத்திலேயே கிடப்பாள், பாருங்கள். அவளுக்காக ஒவ்வொரு நாளும் இரண்டு மொட்டைச் செடியிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். ராத்திரி சாப்பாடு முடிந்து மாடிக்குப் போய் உட்கார அந்த வாசம் ஒரு காரணமாகும். தஞ்சாவூர் கோடையில் மாடிதான் வீட்டின் நல்ல அறை.

அவளுக்கென்று ஒரு தொட்டியும் கொடுங்கள். அதில் அந்திமந்தாரை போடலாம். மிளகு மாதிரி கறுப்பு விதை, அக்கம்பக்கத்தில் கேட்டாலே கிடைக்கும். வாயில் மட்டும் வைக்கக் கூடாது, நச்சு. இப்போது விதைத்தால் வைகாசி வாக்கில் பூக்கும். மதியம் முழுக்க மூடியே இருந்துவிட்டு நாலு, ஐந்து மணிக்குமேல், அவள் விளையாடப் போகும் நேரத்தில், ரோஸ், மஞ்சள், வெள்ளை என்று விரியும். சில செடியில் ஒரே பூவில் இரண்டு நிறம் தெறித்திருக்கும். இந்தப் பூவைப் பறிக்கவே வேண்டாம். செடியிலேயே விட்டால் பூ விழுந்த இடத்தில் பச்சைக் காய் உட்கார்ந்து, கறுத்து, தானே மண்ணில் உதிரும். பூ செடியிலேயே இருக்கட்டும் என்ற அவள் ஆசை இங்கே நியாயமாகவே நிறைவேறும். விதை பொறுக்கிப் பள்ளித் தோழிகளுக்கும் கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மல்லிகை மொட்டு வெளுப்பதற்குப் பதிலாக ஊதா நிறம் பாய்ந்து, விரியாமலே உதிர்ந்தால் அது மொட்டு ஈயின் வேலை. உள்ளே கண்ணுக்கு அரிதாகத் தெரியும் புழு இருக்கும். அப்படிப்பட்ட மொட்டைக் கண்டதும் கிள்ளி ஒரு கவரில் கட்டி வெளியே போட்டுவிடுங்கள், தொட்டியிலேயே உதிர விடாதீர்கள். அந்தப் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகித்தான் மறுபடி ஈயாக வருகிறது. வாரம் ஒரு நாள் மேல்மண்ணைக் கிளறி வெயில் காட்டினாலே பாதி குறையும். மீதிக்கு வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிக்கலாம். மொட்டு அப்போதும் ஊதாவாகவே வந்தால் பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். வெட்டிய குச்சிகளையும் தூக்கி எறிந்துவிட வேண்டாம். பென்சில் பருமனுள்ளதாகப் பார்த்து நாலு கணு நீளத்துக்கு நறுக்கி, ஈர மணலில் நிழலில் ஊன்றி வையுங்கள். நாலில் ஒன்று பிடித்தாலும் எதிர்வீட்டுக்குக் கொடுக்க ஒரு நாற்று ஆச்சு.

அன்புடன்,
அக்கா