மூடுபனியும் வண்ண வீடுகளும்

அன்பின் அண்ணாவுக்கு,

கனடாவில் நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலுள்ள சென் ஜோன்ஸ் நகரத்துக்குப் போன என் மச்சாள் அங்குள்ள வரிசை வீடுகளைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். ஒன்று மஞ்சள், பக்கத்தில் ஊதா, அதற்கடுத்தது சிவப்பு. மூடுபனியில் தொழிலால் திரும்பும் மீனவர்கள் தங்கள் வீட்டை அடையாளம் காண அப்படிப் பூசினார்களாம். 1986இல் அகதிகளாகக் கடலால் போன எங்கட ஆட்கள் முதலில் கண்டதும் இந்த வீடுகளைத்தானே? எங்கள் வீதிக்கும் இப்படி வண்ணம் அடித்தால் என்ன?

ஒரு வாசகி, குருநகர், யாழ்ப்பாணம்

அன்பின் தங்கச்சி,

அந்த மூடுபனிக் கதை அங்கே எல்லோரும் சொல்வதுதான். ஆனால் நம்பவேண்டாம். சென் ஜோன்ஸ் துறைமுகம் குன்றுகளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது. ஒடுங்கிய வாயால்தான் உள்ளே வரவேண்டும். நல்ல வெயிலிலேயே வெளிக்கடலில் நிற்பவருக்கு அந்தத் தெருக்கள் சரியாகத் தெரியாது. இதில் பனிக்குள் எது நீலம், எது பச்சை என்று பார்ப்பதாம்! குருநகர்ப் பிள்ளைக்கு நான் கடலைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

நடந்தது வேறு. 1892 ஜூலை 8 அன்று அங்கே குழாய் வேலைக்காகத் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். பின்னேரம் ஒரு தொழுவத்தில் பிடித்த தீ ஊரையே தின்றது. 11,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள். பிறகு அவசரமாகக் கட்டியவைதான் இந்த வீடுகளில் பெரும்பாலானவை. அவ்வளவு எரிந்த பிறகும் மரத்தாலேயே, சுவரோடு சுவர் ஒட்டித்தான் கட்டினார்கள். மரப்பலகைக்கு உப்புக்காற்றில் பூச்சு இல்லாமல் முடியாது. ஆனால் இந்தப் பளீர் நிறங்கள் அப்போது வந்தவையல்ல.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வசதி வந்தவர்கள் புறநகருக்குப் போக, நகர நடுவில் இருந்த வீடுகள் உளுத்தன. 1970களின் பிற்பகுதியில் அந்த நகரத்து மரபுரிமை அமைப்பொன்று அவற்றில் சிலவற்றைத் திருத்தி, கண்ணைப் பறிக்கிற நிறங்களை அடித்தது. அதைப் பார்த்து அயலவர்களும் தொடங்கினார்கள். இந்த வீட்டு வரிசைகளுக்கு, பல நிற ஜெல்லிபீன் இனிப்பை வைத்து, ‘ஜெல்லிபீன் ரோ’ என்று பெயர்தான் பெரிது. அந்தப் பெயரில் ஒரு தனித் தெருவே கிடையாது, நகர நடுவில் எங்கும் பரவிக் கிடப்பதை அப்படி அழைக்கிறார்கள். எனக்கு இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது. பாழாகப் போன தெருவைச் சனங்கள் திரும்பிப் பார்க்கவைத்த வேலையல்லவா?

1986 ஆகஸ்ட் 11 பற்றி. எங்கள் ஆட்கள் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்தின் தெற்குக் கரைக்கு அப்பால் மிதந்தபோது அவர்களைக் கண்டுபிடித்தவர்கள் அந்த ஊர் மீனவர்கள். ஆக, முதலில் கண்டது வீடுகளை அல்ல, மீன்பிடிப் படகுகளை. அதன் பிறகே சென் ஜோன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அந்த நிறங்களுக்கே பத்து வயதுகூட ஆகியிருக்காது. அவர்களில் பெரும்பாலானோர் பிறகு மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விட்டார்கள்.

சரி, உங்கள் வீதி. யாழ்ப்பாணத்தில் வளவும் வேலியும் மதிலுமாக வீடுகள் தள்ளித் தள்ளி நிற்பவை. குருநகரில்தான் கொஞ்சம் நெருக்கம், அங்கே எடுபடலாம். ஆனால் யாராவது காசு தந்து எல்லா வீட்டுக்கும் அவர்களே நிறம் தெரிவு செய்வதென்றால் விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரி பச்சை என்றால் நான் மஞ்சள் என்கிற வீம்பு இல்லாமல் அது அழகாக வராது. முதலில் கூரை ஒழுக்கைப் பாருங்கள். உப்புப் பூத்த சாந்தைச் சுரண்டிவிட்டே பெயின்ற் அடியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாரிக்கே உரிந்துவிடும்.