பூட்டிய கதவுக்கு ரிப்பேர்காரர் எதற்கு?

கேள்வி: புது லேப்டாப் வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. என்பிஎம்மில் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை, அதாவது மற்றவர்கள் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை, இறக்கித் தரும் கருவி) ஒரு பேக்கேஜை குளோபலாக, அதாவது மெஷின் முழுவதற்கும், இன்ஸ்டால் செய்தால் 'பெர்மிஷன் டினைடு' என்று வருகிறது. திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

பதில்: லேப்டாப்பில் ஒரு கோளாறும் இல்லை. லினக்ஸிலும் மேக்கிலும் குளோபல் பேக்கேஜ்கள் பெரும்பாலும் போய் உட்காருவது 'ரூட்' என்ற தலைமை நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமான ஃபோல்டரில். உங்களுக்கு அங்கே எழுத உரிமை இல்லை, அதனால் தடுத்திருக்கிறது. என்விஎம் என்ற இலவசக் கருவியைப் போட்டு, அதன் வழியாக நோட்.ஜேஎஸ்ஸை (ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள், என்பிஎம் இதோடுதான் வருகிறது) இன்ஸ்டால் செய்யுங்கள். எல்லாம் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே அடங்கிவிடும். அந்த பேக்கேஜ் ஒரே ஒரு தடவைதான் வேண்டும் என்றால், நிலையாகப் போடாமலே ஓட்டித் தரும் என்பிஎக்ஸ் போதும், குளோபலாகப் போட வேண்டியதே இல்லை.

கேள்வி: கட்டளைக்கு முன்னால் சூடோ (ரூட்டின் அதிகாரத்தோடு ஓட்டச் சொல்வது) சேர்த்தால் ஓடிவிடுகிறதே, அப்புறம் என்ன?

பதில்: பேக்கேஜ்கள் இன்ஸ்டால் ஆகும்போதே தங்கள் ஸ்கிரிப்ட்களை ஓட்டக்கூடியவை. சூடோ போட்டால், முகம் தெரியாத யாரோ எழுதிய ஸ்கிரிப்ட்டுக்கு மெஷினின் மொத்தச் சாவிக்கொத்தையும் கொடுக்கிறீர்கள். கெட்டவர்கள் வேண்டும் என்றுகூட இல்லை. 2018 பிப்ரவரியில் வந்த என்பிஎம் 5.7.0-ஐ சூடோவோடு ஓட்டியவர்களுக்கு, சிஸ்டம் ஃபைல்களின் உரிமையே மாறிப்போனது. அது என்பிஎம்மின் சொந்தப் பிழை.

கேள்வி: இதே பிழைக்காக ஆன்லைனில் ஒருவருக்குப் பணம் கட்டினேன். ரிமோட்டில் வந்து ஏதோ 777 என்று டைப் செய்தார், பிழை போனது. மறுநாள் சூடோவே வேலை செய்யவில்லை. சரிசெய்ய இரண்டாவது கட்டணம் கேட்கிறார்.

பதில்: ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், வெட்கப்பட வேண்டியவர் அவர்.

இந்த 777 வைத்தியம் எனக்கு நெடுநாள் எரிச்சல். எழுது, படி, ஓட்டு என்று மூன்று உரிமையையும் எல்லோருக்கும் திறந்துவிடுவதுதான் அது. ஒரு ஃபோல்டரின் பூட்டைத் திறக்கச் சொன்னால், மனிதர் தெருவிலுள்ள எல்லாக் கதவுகளையும் கழற்றிவிட்டுக் கூலி கேட்கிறார். நிரல்கள் இருக்கும் யூஎஸ்ஆர் என்ற சிஸ்டம் ஃபோல்டர் முழுவதிலும் அதை ஓட்டினால், சூடோ ஃபைலை ரூட்டின் அதிகாரத்தோடு ஓடவிடும் 'செட்யூஐடி' என்ற சிறப்பு அடையாளமும் அழிந்துவிடும். அது இல்லாமல் சூடோ ஓடவே ஓடாது. உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். தன் கையால் உடைத்ததற்கே மறுபடி பில் போடுவது இந்தத் தொழிலில் சிலருக்குப் பழக்கமாகிவிட்டது.

எனக்கும் அனுபவம் உண்டு. 'ஒரே கிளிக்கில் எல்லாப் பிழையும் சரி' என்ற மென்பொருளுக்கு ஒரு காலத்தில் வருடச் சந்தா கட்டினேன். அப்போதுதான் ஓஎஸ் போட்ட காலி மெஷினிலும் அது நூற்றுக்கணக்கில் பிழை கண்டுபிடித்தது! சந்தாவோ கேட்காமலே புதுப்பித்துக்கொண்டது. ரத்து செய்யும் பட்டனைத் தேடியே ஒரு மாலை போனது.

சரி, உங்கள் விஷயம். யூஎஸ்பியிலிருந்து பூட் செய்து உங்கள் ஃபைல்களை வெளியே எடுங்கள், ஓஎஸ்ஸைப் புதிதாகப் போடுங்கள். ஒவ்வொரு ஃபைலின் உரிமையையும் தேடித் திருத்துவதைவிட அது சீக்கிரம் முடியும். அவர் உள்ளே வந்து போனவர், ஆகவே எல்லா பாஸ்வேர்டையும் வேறொரு மெஷினிலிருந்து மாற்றுங்கள். சாட், ரசீது எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வங்கியில் ஆட்சேபம் எழுப்புங்கள்.

கேள்வி: பழைய லேப்டாப் ஒன்று மலிவாகக் கிடைத்தது. எதை இன்ஸ்டால் செய்தாலும் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கிறது. விற்றவர் மறந்துவிட்டாராம். அடியில் ஒரு கம்பெனியின் ஸ்டிக்கர் இருக்கிறது.

பதில்: ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுமா வாங்கினீர்கள்? கம்பெனி நிர்வாகத்தில் பதிவான மெஷினாக இருந்தால், ஓஎஸ்ஸை அழித்துப் போட்டாலும் பூட்டு திரும்ப வரலாம். அது விற்றவருடைய பொருள்தானா என்பதே சந்தேகம். கம்பெனி விடுவித்ததற்கான கடிதத்தைக் கேளுங்கள், இல்லையென்றால் பணத்தைத் திரும்ப வாங்குங்கள். மெஷினைத் தொடங்கவே விடாத பயோஸ் பாஸ்வேர்டோடு ஒரு லேப்டாப்பை வாங்கி, காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைத்திருந்தவன் நான். இருந்தாலும் என்னுடையதில் ஸ்டிக்கர் இல்லை.

கேள்வி: டெபியன் 12 என்ற லினக்ஸில், பைத்தான் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் பிப்பை ஓட்டினால், பைத்தான் 'வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது' என்று மறுக்கிறது. முழு வெர்ஷனைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

பதில்: பைத்தான் இலவசம், உங்களிடம் இருப்பதே முழுசு. சிஸ்டத்தின் பைத்தானைத் தொடாத தனி ஃபோல்டரான வீஎன்வியில் போடுங்கள்.

கேள்வி: முன்பு சூடோவோடு என்பிஎம் ஓட்டியவன் நான். இப்போது சூடோ இல்லாமல் ஓட்டினால் ஹோமில் உள்ள புள்ளி-என்பிஎம் (.npm) ஃபோல்டரிலேயே பெர்மிஷன் பிழை.

பதில்: அதற்குள் ரூட்டின் பெயரில் ஃபைல்கள் தங்கிவிட்டன. உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் (chown) கட்டளையால் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இதற்கு மட்டும் சூடோ தேவை. என்டர் தட்டும் முன் ஃபோல்டரின் பெயரை இரண்டு தடவை படியுங்கள்.