மனதில் சுற்றும் பீடி

கேள்வி: முப்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றிய எங்கள் அம்மாவுக்கு, நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர், கைக்குப் பயிற்சி கொடுப்பதோடு, கண்ணை மூடிக்கொண்டு பீடி சுற்றுவதாக நினைக்கவும் சொல்கிறார். நினைத்தால் கை அசைந்துவிடுமா? இது காசுக்காகச் செய்யும் ஏமாற்று வேலைதானே?
– ஒரு வாசகர், முக்கூடல்

பதில்: ஏமாற்று வேலை இல்லை. நினைத்தாலே போதும், கையை அசைக்க வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் உங்கள் கோபத்தில் நியாயம் இருந்திருக்கும். ஆனால் அவர் இரண்டையும் சேர்த்துத்தான் செய்யச் சொல்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் அம்மா சுளகை மடியில் வைத்து, இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டி, முனையை மடக்கி நூல் கட்டிய ஒவ்வொரு முறையும், வலக்கை விரல்களுக்கான கட்டளையின் பெரும்பகுதி அவருடைய இடப்பக்க மூளையிலுள்ள இயக்கப் புறணியிலிருந்தே புறப்பட்டது. புறணி என்பது மூளையின் மேலடுக்கு; அதில் காதுக்கு மேலே உச்சியை நோக்கி ஏறும் ஒரு குறுகிய பட்டைதான் அசைவுக்குக் கட்டளையிடும் இயக்கப் புறணி. அங்கிருந்து இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறித் தண்டுவடத்துக்குச் செல்வதால்தான், இடப்பக்க மூளையில் அடி விழுந்தால் வலக்கை விழுகிறது. 1870-இல் ஃப்ரிட்ச், ஹிட்சிக் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள் நாயின் மூளையில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, எதிர்ப்பக்கக் கால் அசைவதைக் கண்டார்கள். பின்னர் மான்ட்ரியலில் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், விழித்திருந்த நோயாளிகளின் மூளையை இவ்வாறே தொட்டுத் தொட்டு ஆராய்ந்து 1937-இல் அதன் வரைபடத்தை வெளியிட்டார். அதில் முதுகையும் வயிற்றையும்விட, கைவிரல்களும் முகமும் மிகப் பெரிய இடத்தைப் பிடித்திருக்கின்றன.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது அந்த நோயாளிகள் கூறிய ஒரு செய்தி. மின்சாரம் பட்டுக் கை அசைந்தபோது, தாங்கள் அதை அசைக்கவில்லை, மருத்துவர்தான் அசைத்தார் என்றார்கள். கை அசைவது வேறு, அசைக்க வேண்டும் என்று முனைவது வேறு. அந்த முனைப்பையும் எந்த விரல் முதலில், எது அடுத்து என்ற வரிசையையும் உருவாக்குவதில், இயக்கப் புறணிக்கு முன்னே இருக்கும் பகுதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. விரல் அசைவுகளை மனதில் மட்டும் செய்யச் சொல்லி 1980-இல் மூளையின் இரத்த ஓட்டத்தை அளந்தபோது, கை சும்மா இருக்கையிலும் அந்த முன்பகுதி வேலை செய்தது. எனவே கற்பனை அசைவு வெறும் பகற்கனவு அல்ல. தசைக்குச் செல்லும் கடைசிக் கட்டளை மட்டும் தடுத்து நிறுத்தப்பட்ட அசைவு என்று அதைக் கொள்ளலாம்.

புறணி அழியாமல், அங்கிருந்து இறங்கும் பாதை மட்டும் சேதமடையும் பக்கவாதங்களும் பல உண்டு. உங்கள் அம்மாவுக்கு எது நேர்ந்தது என்பதை ஸ்கேன் பார்த்த மருத்துவரிடம் கேளுங்கள்; அதைக் கேட்காமல் "எல்லாம் போய்விட்டது" என்று அவர் காதுபடப் பேசாதீர்கள். பாதை அறுந்தாலும் புறணி வேலை செய்யலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: தண்டுவடம் அறுபட்டுச் சில ஆண்டுகள் கைகால் அசையாமலிருந்த ஓர் அமெரிக்க இளைஞரின் இயக்கப் புறணியில் 2004-இல் 96 நுண்மின்முனைகள் பொருத்தப்பட்டன. கையை அசைக்க அவர் முனைந்தபோதெல்லாம் அங்குள்ள நரம்பணுக்கள் துடித்தன. அந்தத் துடிப்பைக் கொண்டே கணினித் திரையின் சுட்டியை அவர் நகர்த்தினார்.

நினைப்பது பயிற்சியாகுமா என்பதற்கு 1995-இல் வெளிவந்த பியானோ ஆய்வு நல்ல விடை. ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், ஒரு குழு விரல்களால் வாசித்தது. மற்றொரு குழு கட்டைகளைத் தொடாமல் மனதில் வாசித்தது. விரல்களுக்கு உரிய புறணிப் பரப்பு இரு குழுவினருக்கும் விரிந்தது. ஆனாலும் வாசிப்பில் மனக்குழு பின்தங்கியே இருந்தது; பிறகு ஒரே ஒரு முறை இரண்டு மணி நேரம் கையால் பயின்றதும் மற்றவர்களை எட்டிவிட்டது. அவர்கள் நலமாக இருந்தவர்கள். உங்கள் அம்மாவுக்கு அதே வேகத்தில் பலன் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பக்கவாதக்காரர்களுக்கும் மனப்பயிற்சி தனியாக அல்ல, கைப்பயிற்சியோடு சேரும்போதுதான் உதவுகிறது.

இதில் பிழை நேர்வது நினைக்கும் முறையில்தான். திரையில் பார்ப்பதுபோலத் தம்மையே தூரத்திலிருந்து பார்த்தால் போதாது. இலையின் சொரசொரப்பும் நூல் இழுபடும் இறுக்கமும் விரலில் தெரியவேண்டும். ஒரு பீடியை மனதில் சுற்ற, முன்பு கையால் சுற்றிய அளவுக்கு நேரம் பிடிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நொடியில் முடிந்துவிட்டது என்றால் அவர் படம் மட்டும் பார்த்திருக்கிறார். நாள் முழுதும் ஆயிரம் பீடி சுற்றியவரிடம், எடுத்த எடுப்பில் முழு வேலையையும் நினைக்கச் சொல்லாதீர்கள். இலையைப் பிடிப்பதிலிருந்து தொடங்குவதா, சுருட்டுவதிலிருந்து தொடங்குவதா என்பதை அவரே தேர்ந்துகொள்ளட்டும். அதை எத்தனை முறை, எவ்வளவு நேரம் செய்வது என்று இயன்முறை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அந்த நேரத்தில் நீங்கள் அருகில் உட்கார்ந்திருங்கள்.