முடி கொட்டுகிறதா? மூன்று மாதம் முன்னால் என்ன சாப்பிட்டீர்கள்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாதி தலைமுடி பற்றியவை. "எந்த உணவு சாப்பிட்டால் முடி வளரும்?" என்பதுதான் பல கடிதங்களிலும் முதல் வரி. உணவு ஆலோசகராக என் பதில் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். உடம்பில் ஏதாவது குறைந்ததால் முடி கொட்டினால், அதைச் சாப்பிட்டுச் சரிசெய்யலாம். எதுவும் குறையாதவர் கூடுதலாகச் சாப்பிட்டால் கூடுதலாக முளைக்காது. ஆகவே என்ன குறைகிறது என்று முதலில் பார்ப்போம்.

கேள்வி: வயது 29. நான்கு மாதத்தில் 11 கிலோ குறைத்து இப்போது 58 கிலோ இருக்கிறேன். எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் சீப்பை வைத்தாலே முடி கொத்துக் கொத்தாக வருகிறது. புது ஷாம்பு வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது, அதுதான் காரணமா? முடி வேரோடு வருவதால் இனி முளைக்காதோ என்று பயமாக இருக்கிறது. (காலையில் பால் சேர்க்காத காபி, மதியம் வெள்ளரி, தக்காளி சாலட், இரவு ஒரு ஆப்பிள் என்று பட்டியலும் அனுப்பியிருக்கிறார்.)

பதில்: ஷாம்பு பாவம், விட்டுவிடுங்கள். நீங்கள் தேட வேண்டியது மூன்று மாதத்துக்கு முன்னால்.

ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு ஆண்டுவரை வளரும். பிறகு வளர்வதை நிறுத்தி, ஏறக்குறைய மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு விழும். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருப்பதால், தினமும் 50 முதல் 100 வரை விழுவது எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், திடீர்ப் பட்டினி மாதிரி ஏதாவது வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு கூட்டம் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அன்றைக்கு உங்களுக்கு எதுவும் தெரியாது. இரண்டு, மூன்று மாதம் கழித்து அந்தக் கூட்டம் மொத்தமாக விழும்போது, பக்கத்தில் நிற்கிற ஷாம்பு மேல் பழி விழும்.

வீட்டில் பணமுடை வந்தால் முதலில் நிறுத்துவது பத்திரிகைச் சந்தாவைத்தானே (ஆசிரியர் மன்னிக்கட்டும்)? உடம்புக்குத் தலைமுடி அந்தச் சந்தா மாதிரி. இதயத்துக்கும் மூளைக்கும் போக மிச்சமிருந்தால்தான் முடிக்கு.

"வேரோடு வருகிறது" என்பதை இன்று சோதித்துப் பாருங்கள். சீப்பில் இருக்கும் முடி ஒன்றை எடுத்து, கறுப்புத் துணிமேல் வைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் உப்புக்கல் அளவுக்குக்கூட இல்லாத வெள்ளைக் குமிழ் ஒன்று தெரியும். எல்லாரும் வேர் என்று பயப்படுவது இதைத்தான். அது வேர் அல்ல, ஓய்வுக்குப் போன முடியின் அடிமுனை. முடியை உண்டாக்கும் பை தலைத்தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. அதிலிருந்து அடுத்த முடி வரும். குமிழே இல்லாமல் துண்டு துண்டாக, ஆளுக்கொரு நீளத்தில் கிடந்தால்தான் வேறு கதை. அது கொட்டுவதல்ல, ஒடிவது. சூடான கருவி, ரசாயனம், இறுக்கிக் கட்டுவது எல்லாம் அங்கே வரும்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். முடி என்பது பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். 58 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 48 கிராம் அளவில் புரதம் வேண்டும். நீங்கள் எழுதிய மூன்று வேளையையும் கூட்டினால் பத்து கிராம் தேறாது. இதை வைத்துக்கொண்டு உடம்பு இத்தனை நாள் ஓடியதே பெரிய விஷயம்.

இரண்டு முட்டையில் 12 கிராம் கிடைக்கும். வெந்த பருப்பு 200 கிராமில் சுமார் 18. நூறு கிராம் மீனில் சுமார் 20. இவ்வளவிலேயே கணக்கு முடிந்துவிட்டது பாருங்கள். மீன் வேண்டாம் என்றால் பால், தயிர், கொண்டைக்கடலை, சோயா என்று பிரித்துக்கொள்ளலாம். எடை மறுபடி ஏறிவிடுமோ என்று பயப்படாதீர்கள், சாலட்டையும் நிறுத்தச் சொல்லவில்லை. அதன்மேல் ஒரு கை கொண்டைக்கடலையும் முட்டையும் விழட்டும். இனிமேல் குறைப்பதாக இருந்தால் வாரத்துக்கு அரை கிலோ போதும்.

நாளையே நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஓய்வுக்குப் போன முடிகள் விழுந்தே தீரும். சாதாரணமாக ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். நெற்றியோரத்தில் கூர்முனையோடு குட்டி முடிகள் நிமிர்ந்து நின்றால், அவற்றை ஒடிந்த முடி என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். அவை புதிதாக முளைத்தவை. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பழைய அடர்த்தி கண்ணுக்குத் தெரிய ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகும்.

கேள்வி: சைவம் சாப்பிடுகிறேன். மாதவிடாய் ஏழெட்டு நாள், போக்கும் அதிகம். ஹீமோகுளோபின் 12.4 என்று வந்ததால் "ரத்தம் நன்றாக இருக்கிறது" என்றார்கள். ஆனால் பின்னல் பாதியாகிவிட்டது. சோர்வும் இருக்கிறது.

பதில்: ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். இரும்பு குறையும்போது உடம்பு முதலில் சேமிப்பிலிருந்து எடுக்கும். சேமிப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. 15-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. முடிக்கு 40-க்கு மேல் இருக்கட்டும் என்று சொல்லும் தோல் மருத்துவர்களும் உண்டு, ஆனால் அது எல்லாரும் ஒப்புக்கொண்ட எண் அல்ல. காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எடுங்கள். கூடவே தைராய்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், சோர்வும் முடி கொட்டுவதும் அதற்கும் பொதுவானவை.

சைவ உணவில் இரும்பு இல்லாமல் இல்லை, உடம்பில் சேருவதுதான் குறைவு. பயறு, பருப்பு, கீரை, எள், பூசணி விதை சாப்பிடும் அதே வேளையில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், அல்லது ஒரு ஆரஞ்சு. வைட்டமின் சி கூட இருந்தால் நன்றாகச் சேரும். டீயும் காபியும் இதைக் கெடுக்கும். சாப்பிட்டதும் டம்ளரை எடுக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். கீரை மட்டுமே தின்று சமாளித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பசலை மாதிரியான கீரைகளில் இருக்கும் இரும்பில் கொஞ்சமே உள்ளே போகிறது.

ஃபெரிட்டின் தரைமட்டத்தில் இருந்தால் சாப்பாட்டால் மட்டும் ஏற்ற நெடுநாள் ஆகும், மருத்துவர் மாத்திரை எழுதுவார். அதைக் கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பரிசோதனை இல்லாமல் நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம், சிலர் உடம்பில் இரும்பு அளவுக்கு மீறித் தங்கிவிடும். அதைவிட முக்கியம், அந்த ஏழெட்டு நாள் போக்குக்குக் காரணம் என்ன என்று மகப்பேறு மருத்துவரிடம் காட்டுவது. ஓட்டையை அடைக்காமல் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது.

கேள்வி: பயோட்டின் மாத்திரை 10,000 மைக்ரோகிராம் சாப்பிடுகிறேன். இன்னும் அதிகமாக எடுக்கலாமா?

பதில்: பயோட்டின் என்பது பி வகை வைட்டமின்களில் ஒன்று. ஒரு நாளைக்குத் தேவையே சுமார் 30 மைக்ரோகிராம்தான்! சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்குப் பயோட்டின் குறைவது அபூர்வம். பச்சை முட்டை வெள்ளையை நாள்தோறும் குடிக்கிறவர்களுக்கு வரலாம், அதிலுள்ள ஒரு புரதம் பயோட்டினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முட்டை வெந்தால் அந்தத் தொல்லை இல்லை. பயோட்டினில் நச்சுத்தன்மை இல்லைதான், ஆனால் ரத்தப் பரிசோதனையைக் குழப்பிவிடும். தைராய்டு முடிவுகள் தவறாக வரலாம், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் அளவும் குறைத்துக் காட்டலாம். 2017-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது. ரத்தம் கொடுக்கும் முன் இந்த மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொன்று. வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவு மீறினால் அவையே முடியைக் கொட்டவைக்கும். "முடிக்கு" என்று எழுதிய டப்பாக்கள் இரண்டு மூன்றைச் சேர்த்து விழுங்குகிறவர்கள் பின்பக்க அட்டவணையை ஒருமுறை கூட்டிப் பார்க்கவும்.

கேள்வி: வயது 24. உச்சியிலும் நெற்றியின் இரு ஓரத்திலும் முடி மெலிகிறது. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் வழுக்கை. எதைச் சாப்பிட்டால் தடுக்கலாம்?

பதில்: எதைச் சாப்பிட்டாலும் தடுக்க முடியாது தம்பி. இது பரம்பரையும் ஆண் ஹார்மோனும் சேர்ந்து செய்யும் வேலை, தட்டில் தீர்வு இல்லை. மினாக்ஸிடில், ஃபினாஸ்டெரைடு என்று பலன் தரும் மருந்துகள் உண்டு. தோல் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும், நிறுத்தினால் பலனும் போய்விடும். இருக்கும் முடியைக் காப்பாற்றுவது போன முடியை வரவைப்பதைவிடச் சுலபம் என்பதால், உணவுப் பட்டியல் தேடும் நேரத்தில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: குழந்தை பிறந்து நான்கு மாதம். முடி கொட்டுகிறது. தாய்ப்பால் கொடுப்பதால்தானா?

பதில்: இல்லை, தொடர்ந்து கொடுங்கள். கர்ப்பத்தில் விழாமல் நின்ற முடிகள் இப்போது சேர்ந்து விழுகின்றன. வயிறு நிறையச் சாப்பிடுங்கள், ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும். ஆகாவிட்டால் ஃபெரிட்டினும் தைராய்டும் பார்க்கலாம்.

கேள்வி: மகனுக்கு ஒன்பது வயது. தலையில் நாணயம் அளவுக்கு வட்டமாக முடி போய்விட்டது. சத்துக்குறைவா? என்ன கொடுக்கலாம்?

பதில்: வட்டமாகப் போனால் சாப்பாட்டைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். தோல் வழவழப்பாக இருந்தால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடியைத் தாக்கும் புழுவெட்டாக இருக்கலாம். செதிலும் அரிப்பும், ஒடிந்த முடிக்கட்டைகளும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கும். பூஞ்சை என்றால் மேலே பூசும் மருந்து மட்டும் போதாது, வாய்வழி மருந்தும் வேண்டும். இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அவனுடைய சீப்பு, துண்டு, தலையணை உறை, தொப்பி எதையும் மற்ற பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.