பார்வை மங்கிய பெற்றோர்: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த பெற்றோரின் கண்களைப் பற்றியவை. முதுமையில் பார்வை இழந்தோருக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நீரிழிவால் என் தந்தையின் விழித்திரை பழுதாகிவிட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் கூறிவிட்டார். அவ்வளவுதானா?

பதில்: மருத்துவர் விழித்திரையை மனத்தில் வைத்தே அவ்வாறு சொல்லியிருப்பார். மருந்தும் லேசரும் அறுவையும் முடிந்த இடத்திலிருந்துதான் எங்கள் வேலை தொடங்குகிறது. எஞ்சியுள்ள பார்வையை அளந்து, அதற்கேற்ற உருப்பெருக்கி, வெளிச்சம், பயிற்சி ஆகியவற்றைத் தருவது குறைபார்வைச் சேவை. அதற்கான பரிந்துரைக் கடிதத்தை அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும் தவணையில் கேட்டு வாங்குங்கள். 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இயங்குகிறது, அங்கும் விசாரிக்கலாம். விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்தைக் கற்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நீண்டநாள் நீரிழிவு விரல் நுனியின் உணர்வையும் குறைத்துவிடக்கூடும் என்பதால், கைப்பேசியைத் தமிழில் பேசவைக்கும் வசதியை முதலில் பழக்குவதே நல்லது.

கேள்வி: குளுக்கோமா என்னும் கண் நரம்பு நோயால் பார்வை மங்கிய எங்கள் அம்மா, கூடத்தில் பூப்போட்ட சேலை கட்டிய பெண்கள் நிற்பதாகச் சொல்கிறார். லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) உள்ளவர்கள் பேய் பிடித்துவிட்டது என்கிறார்கள். பூசாரியை அழைக்கலாமா?

பதில்: அம்மாவுக்கு முதலில் தேவைப்படுவது நீங்கள் அவரை நம்புவது. 1760-இல் சுவிட்சர்லாந்து அறிஞர் சார்ல்ஸ் பொனே, கண்புரையால் பார்வை குன்றிய தம் முதிய பாட்டனார் மனிதர்களையும் பறவைகளையும் கட்டடங்களையும் கண்டதாகப் பதிவு செய்தார்; அந்நிலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கண்ணிலிருந்து வரும் செய்தி குறையும்போது, மூளையின் பார்வைப் பகுதி தானாகவே உருவங்களைப் படைத்துக்கொள்கிறது. அவ்வுருவங்கள் பேசுவதில்லை, அவை உண்மையல்ல என்பதும் பெரும்பாலும் காண்பவருக்கே தெரிந்திருக்கும். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தில் எத்தனையோ முதியவர்கள் இதை வாய்திறந்து சொல்லாமல் தனியே கலங்குகிறார்கள். உங்கள் அம்மா சொன்னதே நல்லது. உருவம் தோன்றும்போது விளக்கைப் போடுவது, கண்ணை இமைப்பது, பார்வையை இடமும் வலமும் திருப்புவது ஆகியவை பலருக்கு உதவுகின்றன. ஆனால் குரல்கள் கேட்டாலோ, அவ்வுருவங்களை உண்மையென்று அவர் நம்பினாலோ, திடீரெனக் குழப்பம் ஏற்பட்டாலோ காரணம் வேறாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பூசைக்கு நான் தடை சொல்லவில்லை. அதற்காகக் கண் மருத்துவரின் தவணை தள்ளிப்போகக் கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு வெளிச்சமும் உருவமும் ஓரளவு தெரிகின்றன. ஓ.கே.யூ. (மாற்றுத்திறனாளி) அட்டை கிடைக்குமா?

பதில்: முழுப் பார்வையின்மை கட்டாயமில்லை. கண்ணாடி அணிந்த பின்னும் நல்ல கண்ணின் பார்வை 6/18-ஐவிட (மற்றவர் 18 மீட்டரிலிருந்து காண்பதை 6 மீட்டருக்கு வந்துதான் காண முடிவது) குறைந்திருந்தால் குறைபார்வை, 3/60-ஐவிடக் குறைந்திருந்தால் பார்வையின்மை என வகைப்படுத்துவார்கள். ஒரு கண் நன்றாக இருந்தால் பொருந்தாது. அரசாங்க மருத்துவமனையில் படிவத்தை நிரப்பி, மாவட்டச் சமூக நல இலாகாவில் கொடுங்கள், பதிவுக்குக் கட்டணமில்லை.

கேள்வி: பார்வை குறைந்த மாமியாரை, பயத்தினால் அடுப்படிக்கு விடுவதில்லை. அவர் யாரிடமும் பேசுவதையே நிறுத்திவிட்டார். நான் செய்தது தவறா?

பதில்: உங்கள் அக்கறையில் தவறில்லை, ஆனால் அவருடைய வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். விடியுமுன் நெற்றி விளக்கின் சிறு வெளிச்சத்தில் ரப்பர் பாலெடுக்க மரப்பட்டை சீவியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டையின் ஆழத்தைக் கையால் அறிந்த அவருக்கு வெங்காயம் நறுக்குவது புதிதல்ல. சோற்றைக் கருநிறத் தட்டிலும் கோப்பியை வெள்ளைக் கோப்பையிலும் வையுங்கள். நிற வேறுபாடு இருந்தால்தான் குறைபார்வைக்குப் பொருள் புலப்படும். காஸ் அடுப்பின் குமிழில் அணைக்கும் நிலையைக் காட்டக் கல் வைத்த ஒட்டும் பொட்டு ஒன்றை ஒட்டுங்கள். விரலுக்கு அது போதும். காலை மாத்திரைப் புட்டிக்கு ஒரு ரப்பர் வளையமும் இரவுப் புட்டிக்கு இரண்டும் போடுங்கள். எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்ற விதி வீட்டிலுள்ள எல்லோருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, இருக்கட்டும். வெளியே செல்லும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவரைப் பிடித்துக்கொள்ளச் செய்து, நீங்கள் அரை எட்டு முன்னே நடங்கள்.

கேள்வி: எங்கள் கோயில் நிர்வாகம் இத்தகைய முதியவர்களுக்கு ஏதேனும் செய்ய விரும்புகிறது. பணம் அதிகமில்லை.

பதில்: கோயில் படிகளின் விளிம்பில் மஞ்சள் வண்ணப் பட்டை தீட்டுங்கள், அதற்கு ஒரு டின் சாயம் போதும். அடுத்து, ஈப்போ கண் மருத்துவமனைத் தவணை நாட்களில் ஒரு வேன் ஏற்பாடு செய்யுங்கள். நான் சந்தித்த முதியவர்களில் பலர் தவணையைத் தவறவிட்டதற்குக் காரணம், அழைத்துச் செல்ல ஆளும் வண்டியும் இல்லாததே. வேனில் குளுக்கோமா உள்ளவர்களின் தம்பி தங்கைகளுக்கும் பிள்ளைகளுக்கும் இடம் ஒதுக்குங்கள்; அந்நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது, பெரும்பாலும் வலியே இல்லாமல் ஓரப் பார்வையிலிருந்து தின்றுகொண்டு வருவது.