விடியற்காலைப் புகையும் செயலி காட்டும் அளவும்

அறுவடை முடிந்த பனிக்காலத்தில் விடியற்காலையில் தொண்டை எரிகிறது, அம்மாவுக்கு இருமல், ஆனால் காற்றின் தரம் காட்டும் கைபேசிச் செயலி மட்டும் 'காற்று நன்று' என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். செயலியைவிட உங்கள் தொண்டையை நம்புங்கள். சிறிய ஊர்களில் பெரும்பாலும் அளவீட்டு நிலையமே இருக்காது. எங்கோ தொலைவில் உள்ள நிலையத்தின் அளவையோ கணினிக் கணிப்பையோதான் செயலி காட்டும்.

மேகம் இல்லாத, காற்று வீசாத இரவில் தரை சட்டென்று குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிவிடும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று, பானைக்கு மூடி போட்டதுபோல. வயல்தாள், குப்பை, விறகு என்று எதை எரித்தாலும் புகை அடியிலேயே தங்கிவிடும். அடுப்புப் புகை மேலே போகாமல் கூரை உயரத்தில் படுக்கையாகப் பரவுகிறதா பாருங்கள், அதுதான் அடையாளம். வெயில் ஏறித் தரை சூடானதும் பெரும்பாலும் கலைந்துவிடும்.

அதனால் அம்மாவின் காலை நடையை முற்பகலுக்குத் தள்ளிவையுங்கள். ஜன்னலையும் அப்போதே திறங்கள். துணி முகக்கவசம் 2.5 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த துகள்களைச் சரியாகத் தடுக்காது. என்95 கூட முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் பயன். அப்புறம், மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் வேண்டவே வேண்டாம். இருமலோடு மூச்சிரைப்பும் இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.